மூடுன மெஸ்ஸும் முப்பது ஒப்பாரியும்

போன மாசம் ஒரு சனிக்கிழமை மத்தியானம். கிராஸ்கட் ரோட்டுல ஒரு வேலை. முடிச்சு நிமிர்ந்தா மணி ஒன்னரை, நல்ல பசி. சனிக்கிழமைன்னா நம்ம பழைய மெஸ்ல அரிசிம்பருப்பு சாதம் ஆச்சேன்னு ஞாபகம் வந்துச்சு. வண்டியை அந்த வீதிக்குள்ள திருப்புனேன். (எந்த வீதின்னு சொல்லப் போறதில்லை. காந்திபுரத்துல வீதிக்கெல்லாம் நம்பர்தானே, உங்களுக்குப் பிடிச்ச நம்பரை வெச்சுக்கங்க.)

போய்ப் பார்த்தா மெஸ் இல்லை. ஓட்டையெல்லாம் இறக்கி சுவரோரமா அடுக்கி வெச்சிருந்தாங்க. கை கழுவற தொட்டி மட்டும் வெயில்ல நின்னுட்டு இருந்துச்சு. பக்கத்து பேக்கரிக்காரர்கிட்ட கேட்டேன்.

"அது மூடி மூனு மாசம் ஆச்சுங்களே. உங்களுக்குத் தெரியாதுங்களா? நீங்க ரெகுலரா வர்ற ஆளாச்சே!"

சுருக்குன்னு இருந்துச்சுங்க. ரெகுலரா வர்ற ஆளுக்கு மூனு மாசமா தெரியலை. அவ்வளவு ரெகுலர்! யோசிச்சுப் பார்த்தா நான் கடைசியா அங்க சாப்பிட்டு ரெண்டு வருஷத்துக்கு மேல இருக்கும்.

சாயங்காலம் ஸ்கூல் நண்பர்கள் வாட்ஸப் குழுவுல விஷயத்தைப் போட்டேன். அஞ்சு நிமிஷத்துல முப்பது ஒப்பாரி. கண்ணீர் பொம்மை, உடைஞ்ச இதயம், "ஒரு சகாப்தம் முடிந்தது", "நம் பாரம்பரியம் அழிகிறது", இன்னும் என்னென்னவோ. நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "மாப்ளைகளா, கடைசியா யார் யார் எப்பப் போனீங்க?" குழு அமைதியாயிடுச்சு. ரொம்ப நேரம் கழிச்சு ஒருத்தன் மட்டும் "2019?"ன்னு கேள்விக்குறியோட போட்டான்.

அதனாலதான் இந்தப் பதிவு. திட்டறதுன்னா மொதல்ல என்னையத் திட்டிக்கறேன்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன், பொறுத்துக்கங்க.

எங்கப்பா பெருந்துறைப் பக்கத்துல இருந்து 1978ல வேலை தேடி இங்க வந்தவர். காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுல ஒரு பையோட எறங்கி, பீளமேட்டுல ஒரு மோட்டார் பட்டறையில சேர்ந்தார். தங்குனது இங்க ஒரு லைன் வூட்டு ரூம்ல. சாப்பாடு இந்த மெஸ்ல. ஓட்டு வூட்டுல முன்னாடி திண்ணையும் ஆசாரமும் பந்தி, பின்னாடி விறகடுப்பு. சமையல் அந்த வூட்டு ஆத்தா, கல்லாவுல அவங்க வூட்டுக்காரர், பரிமாறறது பசங்க. மாசக் கணக்கு நோட்டு ஒன்னு ஆணியில கயிறு கட்டித் தொங்கும். சாப்டவங்களே பேருக்கு நேரா கோடு போட்டுக்கணும். யாரும் சரி பார்க்க மாட்டாங்க. சம்பளம் வந்ததும் கட்டணும். சம்பளம் வரலைன்னா? "அடுத்த மாசம் பாத்துக்கலாம், நீ சாப்புடு கண்ணு"ங்கற பதில்தான். பட்டறை ரெண்டு மாசம் சம்பளம் குடுக்காம இழுத்தப்பவும் எங்கப்பா ஒரு வேளைகூடப் பட்டினி கெடக்கலை. இதை இப்பவும் சொல்லுவார்.

மெனுவும் பெருசா ஒன்னும் கிடையாது. காலையில இட்லி, மத்தியானம் சோறு, தட்டப்பயிறு கொழம்போ கொள்ளுப் பருப்போ ஏதாவது ஒன்னு, ரசம், கட்டித் தயிர். சாயங்காலம் சில நாள் சந்தகை, தேங்காப்பாலோட. அவ்வளவுதான். ஆனா ஊர்ல இருந்து வந்த பையனுக்கு அது ஊர்ச் சோறு. எங்கப்பாவுக்கு அப்புறம் நான் காலேஜ் படிக்கறப்ப அங்கதான் சாப்டேன். ஆத்தாவுக்கு வயசாகி மருமக வந்துட்டாங்க. ருசி மாறலை.

சரி, ஏன் மூடுனாங்க?

எல்லாரும் நினைக்கற மாதிரி கூட்டம் கொறஞ்சு இல்லைங்க. மூடற நாள் வரைக்கும் மத்தியானப் பந்தி நிறைஞ்சுதான் இருந்துச்சாம் (நான் இல்லாமலே). ஸ்விக்கி, ஜொமேட்டோவும் காரணம் இல்லை. அது வாடகை வூடு. ஓனர் இருந்த வரைக்கும் ஒரு பிரச்சினையும் இல்லை. அவர் காலமானதும் வாரிசு நாலு பேரு, பாகம் பிரிக்கணும். ஓட்டு வூட்டை நாலாப் பிரிக்க முடியுமா? இடத்தை வித்துத்தான் பிரிக்கணும். காந்திபுரத்துல சென்ட் என்ன வெலைன்னு நான் சொல்ல வேண்டியதில்லை. அவங்களைத் தப்பு சொல்லவும் எனக்கு மனசு வரலை. என் சொத்தா இருந்தா நானும் அதைத்தான் செஞ்சிருப்பேன்.

ஆக ஆளு, அடுப்பு, கூட்டம் எல்லாம் இருந்தும் ஒரு மெஸ் போச்சு. காலடியில இருந்த மண்ணு அடுத்தவங்களுது. காரணம் அவ்வளவுதான்.

என் கருத்து இதுதான். பழைய ஓட்டலைக் காப்பாத்தணும்னு பேசறவங்க எல்லாரும் கட்டடத்தோட அழகைப் பத்திப் பேசறாங்க, இல்லாட்டி கைப்பக்குவத்தைப் பத்திப் பேசறாங்க. வாடகையைப் பத்திப் பேசறதில்லை. அதைப் பேசாம பாரம்பரியம் பேசறது வெறும் ஒப்பாரி.

காந்திபுரத்துல "பாரம்பரியக் கட்டடம்"னு தேடிப் பாருங்க. டவுன்ஹால் 1892ல கட்டுனது, ஆனா அது பழைய ஊர்ப் பக்கம். ராஜ வீதி, ஒப்பணக்கார வீதி எல்லாம் அங்கதான். நம்ம பக்கம் பழசுன்னா அது ஜெயிலு. வ.உ.சி. செக்கிழுத்த அதே ஜெயிலுதான். காந்திபுரத்தோட மத்த வயசெல்லாம் பஸ் ஸ்டாண்டோட வயசு. அதனால கட்டடம்தான் பாரம்பரியம்னா நமக்கு ஒன்னுமே இல்லைன்னு ஆயிடும். ஆனா ஈரோடு, திருப்பூர், சேலம்னு பல பக்கத்துல இருந்தும் பையோட வந்து எறங்குன பசங்களுக்கு அம்பது வருஷமா சோறு போட்ட வீதி இது. அது பாரம்பரியம் இல்லீங்களா?

கட்டடமும் ஓட்டலும் எப்படிப் பிணைஞ்சிருக்குன்னு பார்க்க உட்லண்ட்ஸ் கதையை விட நல்ல கதை இல்லை. உடுப்பிப் பக்கத்துல இருந்து மெட்ராஸ் வந்து, ஓட்டல்ல எடுபிடி வேலை பார்த்து மேல வந்தவர் கே.கிருஷ்ணராவ். 1938ல ராயப்பேட்டையில ராமநாதபுரம் ராஜாவுக்குச் சொந்தமான ஒரு பங்களாவை வாடகைக்கு எடுத்து ஓட்டல் ஆரம்பிச்சார். அந்த பங்களாவோட பேருதான் உட்லண்ட்ஸ். ஓட்டலுக்கும் அதே பேரு. அப்புறம் அந்த எடத்தை விட்டு, இப்ப ராதாகிருஷ்ணன் சாலைன்னு சொல்ற ரோட்டுல நியூ உட்லண்ட்ஸ் வந்துச்சு. பங்களாவை விட்டுட்டுப் பேரை மட்டும் தூக்கிட்டு வந்துட்டார் மனுஷன்! இன்னைக்கு வெளிநாட்டுலகூட உட்லண்ட்ஸ்னு போர்டு இருக்கு. கட்டடம் போனாலும் ஓட்டல் பொழைக்கும்ங்கறதுக்கு இது சாட்சி.

ஆனா எல்லாம் அப்படிப் பொழைக்கறதில்லை. அதே கிருஷ்ணராவ் 1962ல கதீட்ரல் ரோட்டுல ஆரம்பிச்சது உட்லண்ட்ஸ் டிரைவ்-இன். மரத்தடியில கார்ல உக்காந்தே சாப்படற ஓட்டல். எழுத்தாளர், சினிமாக்காரர், வக்கீல், வேலை தேடற பையன்னு எல்லாருக்கும் அது ஒரு திண்ணை. ஒரு காபிக்கு மூனு மணி நேரம் உக்காரலாம். நிலம் ஓட்டலோடது இல்லை. நிலத்தை வெச்சிருந்த சங்கத்துக்கும் அரசாங்கத்துக்கும் வழக்கு. கடைசியில நிலம் அரசுக்குப் போச்சு, 2008ல டிரைவ்-இன்னை மூடிட்டாங்க. அந்த எடத்துலதான் 2010ல செம்மொழிப் பூங்கா வந்துச்சு.

நம்ம ஊருக்கும் இப்ப ஒரு செம்மொழிப் பூங்கா வந்தாச்சு. 2025 நவம்பர்ல, நம்ம ஜெயில் நிலத்துல, 45 ஏக்கர்ல. குழந்தைகளைக் கூட்டிட்டுப் போனேன், நல்லாத்தான் இருக்கு. பூங்காவைக் குறை சொல்லலை. நமக்கு ஜெயில் நிலத்துல பூங்கா வந்துச்சு, லாபம். மெட்ராஸ்ல ஓட்டல் போய்ப் பூங்கா வந்துச்சு. பூ பூக்கறது நல்லதுதான். ஆனா அந்த மூனு மணி நேரத் திண்ணையை வேற எங்கயாவது போட்டுக் குடுத்தாங்களா? அதுதான் கேள்வி.

சரி, பொழைச்சவங்க எப்படிப் பொழைச்சாங்க?

பெங்களூரு எம்.டி.ஆர். போயிருக்கீங்களா? மாவள்ளி டிஃபன் ரூம்ஸ். 1924ல மையா சகோதரர்கள் ஆரம்பிச்சது. ரெண்டாம் உலகப் போர்ல அரிசித் தட்டுப்பாடு வந்தப்ப ரவா இட்லியைக் கண்டுபிடிச்சது நாங்கதான்னு சொல்லிக்கறாங்க. 1975ல எமர்ஜென்சி. சாப்பாட்டு வெலையை அரசாங்கம் கட்டுப்படுத்திருச்சு. அந்த வெலைக்கு இந்தத் தரத்துல போட முடியாதுன்னு ஓட்டலையே மூடிட்டாங்க. வேலைக்காரங்களுக்கு வேலை குடுக்கறதுக்காக மாவு, பொடின்னு பாக்கெட் போட ஆரம்பிச்சாங்க. அந்த பாக்கெட் வியாபாரம் பெருசாகி 2007ல நார்வேக்காரங்க ஆர்க்லாவுக்குக் கைமாறுச்சு. ஓட்டல் மட்டும் குடும்பத்துகிட்டயே நின்னுடுச்சு. கஷ்ட காலத்துல சமையல்காரரை வெளிய அனுப்பாம வேற வேலை குடுத்தாங்க பாருங்க, பொழைச்ச ரகசியம் அதுன்னு நான் நினைக்கறேன். கை நிலைச்சாத்தான் ருசி நிலைக்கும்.

நம்ம ஊர்ல அன்னபூர்ணா. 1968ல ஆர்.எஸ்.புரத்துல தாமோதரசாமி நாயுடுவும் சகோதரர்களும் ஆரம்பிச்சது. அந்த சாம்பார் இட்லியைப் பத்தி கோயமுத்தூர்க்காரங்ககிட்ட விளக்கறது கொல்லன் தெருவுல ஊசி விக்கற மாதிரி. ஒரு ஓட்டல் ஊருக்குள்ள எப்படி ஊறிப் போயிருக்குங்கறதை நான் பார்த்தது 2024 செப்டம்பர்ல. நிதியமைச்சர் கூட்டத்துல அன்னபூர்ணா சீனிவாசன் எந்திரிச்சு, வெறும் பன்னுக்கு ஜி.எஸ்.டி. இல்லை, உள்ள கிரீமை வெச்சா 18 சதவீதமான்னு கேட்டார். ரெண்டையும் தனித்தனியாக் குடுத்துடுங்க, நாங்களே வெச்சுக்கறோம்னு கஸ்டமர் சொல்றாங்கன்னார். அப்புறம் நடந்த மன்னிப்பு வீடியோ, அரசியல் எல்லாம் உங்களுக்கே தெரியும், அதுக்குள்ள போகலை. (2025 செப்டம்பர்ல வரி விகிதம் மாறி கேக், காரம் எல்லாம் 5 சதவீதத்துக்கு வந்துடுச்சு.) நான் கவனிச்சது வேற. எந்தக் கட்சிக்காரனா இருந்தாலும் அன்னைக்கு ஊர்ல பேசுனது ஒரே குரல்ல. "நம்மூட்டு ஆளை இப்படிப் பண்ணிட்டாங்களே"ன்னு. ஒரு கம்பெனி முதலாளிக்காக யாரும் அப்படிப் பேச மாட்டாங்க. சோறு போட்டவனுக்காகப் பேசுவாங்க.

ஆனா அன்னபூர்ணா அளவுக்கு வளர்ந்தவங்களுக்கு நம்ம பரிதாபம் தேவையில்லை. ஒரே ஒரு கடை, ஒரே ஒரு குடும்பம், வாடகை எடம்னு இருக்கறவங்க கதைதான் தொங்கல்ல இருக்கு.

இங்க ஒரு நண்பர் (சேலத்துக்காரர், எதிர்க்கேள்வி கேக்கறதே தொழில்) போன்ல கேட்டார்: "பழசுன்னா எல்லாமே ஒசத்தியாய்யா? அந்தக் காலத்து ஓட்டல்ல உன்னையும் என்னையும் எங்க உக்கார வெச்சிருப்பான்னு தெரியுமா?"

நியாயமான கேள்விங்க, மழுப்பக் கூடாது. எம்.டி.ஆருக்கே மொதப் பேரு பிராமின் காபி கிளப். திருவல்லிக்கேணி முரளி கஃபேல "பிராமணாள்"ங்கற போர்டை எடுக்கச் சொல்லி 1957ல பெரியார் போராட வேண்டியிருந்துச்சு. நம்ம கொங்குக் கிராமத்து டீக்கடைங்கள்ல ரெட்டை டம்ளர் இருந்ததை மறைக்க முடியுமா? அதையும் பாரம்பரியம்னு கட்டிக் காக்கணும்னா நான் வரலை. அது ஒழிஞ்சதே நல்லது.

ஆனா அதனாலதான் பஸ் ஸ்டாண்டு ஓட்டலும் வீதி மெஸ்ஸும் எனக்கு ஒசத்தி. பந்தியில பக்கத்து எலையில உக்காந்தவன் எந்த ஊரு, என்ன ஆளுன்னு கேக்க அங்க யாருக்கும் நேரம் இல்லை. எங்கப்பா கிராமத்துல அக்கம்பக்கம் உக்காந்து சாப்பிட முடியாத ஆளுங்களோட, இந்த மெஸ்லதான் ஒட்டுக்கா உக்காந்து சாப்டார். அது அவருக்கு ஒரு படிப்புன்னு அவரே சொல்லியிருக்கார். காப்பாத்த வேண்டியது அந்தப் பந்தியை.

நண்பரோட அடுத்த கேள்வி: "அவங்க புள்ளைங்க வேற வேலைக்குப் போகக் கூடாதா? ஆயுசுக்கும் அடுப்படியில நிக்கணுமா?"

அதுவும் சரி. குடும்ப ஓட்டல்னு நாம பெருமையாப் பேசறது பல எடத்துல சம்பளம் இல்லாத பொம்பளைங்க உழைப்பு. விடிகாலை நாலு மணிக்கு எந்திரிச்சு மாவாட்டுனது அந்த ஆத்தாவும் மருமகளும்தான். கல்லாவுல போட்டோ மாட்டியிருந்தது தாத்தாவுக்கு! அதனால ரத்த சொந்தம்தான் நடத்தணும்னு நான் சொல்லலை. திருவல்லிக்கேணி ரத்னா கஃபே சாம்பாருக்குப் பேர் போனது. 1948ல அதை ஆரம்பிச்சது மதுராவுல இருந்து வந்த ஒரு குப்தா குடும்பம். வடக்க இருந்து வந்தவங்க நமக்கு சாம்பார் ஊத்துனாங்க, நாமளும் வாளி வாளியாக் குடிச்சோம். கத்துக்கிட்டவன் கையில எதுவும் நிலைக்கும். கூலி ஒழுங்காக் கெடைக்கணும், எடம் நிலையா இருக்கணும்.

திரும்ப எடத்துக்கே வந்துட்டேன் பாருங்க.

உலகத்துல வேற எங்கயும் இதுக்கு வழி யோசிக்கலையான்னு பார்த்தேன். கல்கத்தாவுல 2019ல இன்டாக் அமைப்பு 14 பழைய சாப்பாட்டுக் கடைகளுக்குப் பாரம்பரிய அடையாளமா நீலப் பலகை குடுத்துச்சு. நல்ல விஷயம். ஆனா பலகை வாடகை கட்டாது. அமெரிக்காவுல சான் ஃப்ரான்சிஸ்கோ ஒரு படி மேல போச்சு. 30 வருஷத்துக்கு மேல நடக்கற கடைகளைப் பட்டியல் போட்டாங்க. 2015ல மக்கள் ஓட்டெடுப்பு நடத்தி ஒரு நிதியும் வெச்சாங்க. அதுல உதவி கடைக்காரருக்கு மட்டுமில்லை, அந்தக் கடைக்குப் பத்து வருஷத்துக்குக் கொறையாம குத்தகை எழுதிக் குடுக்கற கட்டட ஓனருக்கும் பணம். படிச்சதும் எந்திரிச்சு விசிலடிக்கலாம்னு இருந்துச்சு.

ஏன்னா ஓனரைத் திட்டி ஒன்னும் ஆகாது. வாடகையைச் சட்டம் போட்டு அமுக்கி வெச்சா என்ன ஆகும்? ஓனர் ஒரு ஆணிகூட அடிக்க மாட்டார், கட்டடம் தலையில விழுகற வரைக்கும் காத்திருப்பார். ஓனருக்கும் ஒரு லாபம் இருந்தாத்தான் வேலைக்காகும்.

நம்மகிட்ட பாரம்பரிய ஆணையச் சட்டம்னு 2012லயே ஒன்னு போட்டாச்சு. அது கட்டடத்துக்கு. நான் கேக்கறது அதைவிடச் சின்னது. முப்பது நாப்பது வருஷமா ஒரே எடத்துல நடக்கற சின்ன ஓட்டல், மெஸ்ஸை மாநகராட்சி கணக்கெடுக்கட்டும். அந்தக் கடைக்குப் பத்து வருஷக் குத்தகை எழுதிக் குடுக்கற ஓனருக்கு அந்தக் கட்டடத்தோட சொத்து வரியில ஒரு தள்ளுபடி குடுக்கட்டும். இடிச்சுக் கட்டறதாவே இருந்தாலும், புதுக் கட்டடத்துல பழைய கடைக்கு ஒரு எடம் விட்டா அதுக்கும் சலுகை. நாலு வாரிசும் ஒத்துக்குவாங்களான்னு கேட்டா, எல்லாரும் ஒத்துக்க மாட்டாங்க. பத்துல மூனு பேர் ஒத்துக்கிட்டாலே மூனு மெஸ் மிச்சம்.

நாம செய்ய வேண்டியது இன்னும் சின்னது. போய்ச் சாப்பிடணும். மாசம் ரெண்டு தடவை போதும். போட்டோ எடுத்துப் போடறதுக்காக இல்லை, பசிக்கு.

இதை எழுதறதுக்கு முன்னாடி மெஸ் நடத்துன அந்த மருமகளோட நம்பரை பேக்கரிக்காரர்கிட்ட வாங்கிப் பேசுனேன். இப்ப கணபதிப் பக்கம் குடியிருக்காங்க. நான் பேரைச் சொன்னதும், "அட, தயிரு ரெண்டாவது வாட்டி கேக்கற தம்பி"ன்னாங்க. ரெண்டு வருஷமா வராததைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கலை. கேட்டிருந்தாத் தேவலை.

"வேற எடம் பாக்கலீங்களாக்கா?"

"பாக்காம என்ன தம்பி. பஸ் ஸ்டாண்டு பக்கம் கேக்கற அட்வான்சுக்கு நாங்க எங்க போறது? ஒதுக்குப்புறமாப் போனா வேலைக்குப் போற பசங்க எப்படி வருவாங்க? அண்டா குண்டா எல்லாம் கழுவிக் கவுத்தித்தான் வெச்சிருக்கேன். எடம் இருந்தாச் சொல்லு."

சொல்றேங்க்கான்னு வெச்சேன். நமக்கென்ன எடமா இருக்கு, பதிவுதான் இருக்கு. காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுல இருந்து நடக்கற தூரத்துல, தண்ணி வசதியோட, முப்பது பேர் உக்காரற மாதிரி எடம் யாருக்காவது தெரிஞ்சா ஒரு வரி எழுதுங்க. நியாயமான வாடகை ஒழுங்காக் கட்டுவாங்க. நாப்பது வருஷத்துக்கு மேல கட்டுனவங்க.

டிஸ்கி: அந்த நோட்டுல எங்கப்பா பாக்கி ஏதாவது இருக்கான்னும் கேட்டேன். நோட்டெல்லாம் எடைக்குப் போட்டாச்சாம். தப்பிச்சார் மனுஷன் :-)